டிஸ்னி வேர்ல்டு பழைய நினைவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு எங்கள் குடும்பம் வெகுகாலமாகப் போய்வருகிறது. அட்லாண்டாவில் வீடு என்பதால் காரிலேயே போய்விடுவோம். இது தெரிந்த நண்பர்களும் உறவினர்களும், எங்காவது விருந்தில் சந்தித்தால்கூட, இதைப் பற்றித்தான் பேச்செடுப்பார்கள். "நாங்க போனப்போ ஒரு படகு இருந்துச்சே, இன்னும் இருக்கா?", "அது எந்தப் பார்க்?", "ஆல்பத்துல இருக்கிற இந்தக் கோபுரம் என்ன?" என்று கேள்விகள் வரும். பெயரும் வருடமும் சரியாகக் கிடைத்ததும், மறந்துபோன பாதிப் பயணம் அவர்களுக்கே ஞாபகம் வந்துவிடுகிறது. அந்த முகங்களைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

"சின்ன வயசுல அப்பா டிஸ்னிலேண்ட் கூட்டிட்டுப் போனார். அது கலிஃபோர்னியாவா, ஃப்ளோரிடாவா? வீட்டுல யாருக்கும் தெரியல."

முதலில் கோட்டைப் படத்தைத் தேடுங்கள். ஃப்ளோரிடாவில் இருப்பது சிண்ட்ரெல்லா கோட்டை. 189 அடி உயரம், நீலக் கூம்புகள், அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். கலிஃபோர்னியா கோட்டை 77 அடிதான், இளஞ்சிவப்புச் சாயல், அடக்கமாக இருக்கும். பனி மூடிய ஒற்றைச் சிகரமும் அதற்குள் சறுக்கி ஓடும் வண்டியும் நினைவிருந்தால் அது மேட்டர்ஹார்ன். கலிஃபோர்னியாவில் மட்டுமே உண்டு.

படமே இல்லையென்றால், காரை நிறுத்திய பிறகு என்ன செய்தீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். பெரிய ஏரியைப் படகிலோ மோனோரயிலிலோ கடந்து உள்ளே போனதாகச் சொன்னால் அது ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம். அந்த ஏரியே செயற்கையாக வெட்டியது. ஆனால் டிஸ்னி ஹோட்டலில் தங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த ஏரி நினைவில் இருக்காது. அவர்களுக்குக் கோட்டைதான் சாட்சி. கலிஃபோர்னியா பூங்கா 1955-லும் ஃப்ளோரிடா 1971 அக்டோபர் 1 அன்றும் திறந்தவை.

"நாலு பார்க் இருக்குன்னு சொல்றாங்க. நாங்க எதுக்குப் போனோம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கோட்டை இருந்தால் மேஜிக் கிங்டம். வெள்ளி நிறத்தில் கோல்ஃப் பந்து போன்ற பிரம்மாண்ட உருண்டை இருந்தால் எப்காட், அது 1982-இல் திறந்தது. மிக்கி காது வைத்த தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிந்தால் டிஸ்னி எம்ஜிஎம் ஸ்டூடியோஸ், 1989. இதன் பெயரை 2008-இல் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று மாற்றினார்கள். அதனால் பழைய டிக்கெட்டில் எம்ஜிஎம் என்று இருந்தால் வேறு ஏதோ இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்டு முழுக்க மிருகங்கள் செதுக்கிய 145 அடி மரம் இருந்தால் அனிமல் கிங்டம், 1998.

"ஆல்பத்துல தேதியே இல்ல. எந்த வருஷம்னு கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். எனக்கு வரும் கேள்விகளிலேயே பிடித்தது இதுதான். டிஸ்னியில் விழாக் காலங்களுக்கென்று ஏதாவது அலங்காரம் செய்வார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். அது படத்தில் விழுந்திருந்தால் தேதி கிடைத்த மாதிரிதான்.

கோட்டை முழுவதும் இளஞ்சிவப்பில், பிறந்தநாள் கேக் அலங்காரத்தோடு இருந்தால் 1996 அக்டோபரிலிருந்து 1998 ஜனவரிக்குள் போயிருக்கிறீர்கள். அது 25-வது ஆண்டு விழா. எப்காட் உருண்டைக்கு மேல் மிக்கியின் கையும் மந்திரக்கோலும் நின்றால் 1999 முதல் 2007 வரை. ஸ்டூடியோஸ் பூங்காவின் நடுவே நட்சத்திரம் போட்ட மாபெரும் நீலத் தொப்பி இருந்தால் 2001 முதல் 2015 தொடக்கம் வரை. முந்தைய பதிலில் சொன்ன காது வைத்த தொட்டியை 2016-இல் இறக்கிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கொண்டுவந்த படத்தில் அவருடைய மாமனார் வேட்டி சட்டையோடு அந்தக் கேக் கோட்டை முன்னால் நிற்கிறார். மாமனார் அமெரிக்கா வந்தது ஒரே ஒரு முறை. எந்த வருடம் என்பதில் வீட்டில் நெடுநாள் சண்டை. கோட்டையின் நிறத்தைப் பார்த்ததுமே தீர்ந்துபோனது.

"மோனோரயில்ல டிரைவர் பக்கத்துலயே உக்காந்து போனேன்னு சொன்னா என் பசங்க நம்ப மாட்டேங்கறாங்க."

நம்பச் சொல்லுங்கள், உண்மைதான். முன்பெல்லாம் நடைமேடையில் நிற்கும் பணியாளரிடம் கேட்டால் முதல் பெட்டியில், ஓட்டுநர் அறையிலேயே உட்கார வைப்பார்கள். முன்னால் முழுக்கக் கண்ணாடி. இறங்கும்போது 'துணை ஓட்டுநர் உரிமம்' என்று சின்ன அட்டை ஒன்றும் கொடுப்பார்கள். பழைய பர்ஸ்களைத் தேடிப் பாருங்கள், பலருக்குக் கிடைத்திருக்கிறது. 2009 ஜூலையில் இரண்டு மோனோரயில்கள் மோதி இளம் ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு பயணிகளை அங்கே உட்கார வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் மோனோரயில் ஹோட்டலுக்குள் புகுந்து போகும் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. கன்டெம்பரரி ஹோட்டலின் நடுக்கூடம் அது. அங்கே மேரி பிளேர் வடிவமைத்த 90 அடி உயர ஓட்டுச் சித்திரச் சுவரில் ஐந்து கால் ஆடு ஒன்று உண்டு. பசங்களைத் தேடச் சொல்லுங்கள்.

"நீர்மூழ்கிக் கப்பல்ல போனது நல்லா ஞாபகமிருக்கு. இப்போ மேப்ல காணோமே?"

மேஜிக் கிங்டத்தின் '20,000 லீக்ஸ்' சவாரி. 1971-இல் வந்தது, 1994-இல் மூடினார்கள். உண்மையில் கப்பல் முழுதாக மூழ்காது. ஜன்னல்கள் தண்ணீருக்குள் இருக்கும், குமிழிகள் மேலே போகும், அதனால் நாம் ஆழத்துக்குப் போகிற மாதிரி இருக்கும். அந்தக் குளத்தைப் பிறகு தூர்த்துவிட்டார்கள். 2012-இல் திறந்த புதிய ஃபேன்டஸிலேண்ட் பகுதி அந்த இடத்தில்தான் வந்தது. கடற்கன்னி சவாரிக்கு வரிசையில் நிற்கும்போது பாறைகளைக் கவனியுங்கள், பழைய கப்பலின் உருவத்தை ஒரு பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதே மாதிரி 'மிஸ்டர் டோடு' என்ற தவளைக் கதாபாத்திரத்தின் சவாரியும் 1998 செப்டம்பரில் போய்விட்டது. மூடக் கூடாது என்று ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே வாசகம் அச்சிட்ட சட்டை அணிந்து வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நடக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது இருப்பது வின்னி த பூ. அதற்குள், ஆந்தையின் வீட்டுக் காட்சியில், தவளை வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் கொடுக்கிற படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஹான்டட் மேன்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் செல்லப்பிராணிக் கல்லறையில் தவளைக்குச் சிலையும் உண்டு. இப்படிச் செய்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. இடித்தவர்களுக்கும் அந்தச் சவாரி பிடித்துத்தான் இருந்திருக்கிறது.

"எப்காட்ல ஒரு படகு, பின்னாடியே போகும், பூதமெல்லாம் வரும். கனவு கண்டேனா?"

கனவு இல்லை. நார்வே பகுதியில் இருந்த 'மேல்ஸ்ட்ராம்', 1988 முதல் 2014 அக்டோபர் 5 வரை. பூதம் மந்திரம் போடும், படகு பின்பக்கமாக ஓடும், கட்டடத்துச் சுவரின் ஓட்டை வழியே படகின் பின்பாகம் வெளியே எட்டிப் பார்க்கும். அப்புறம் திரும்பி, கடல் புயலுக்குள் இறங்கும். 2016 ஜூனில் அதே தடத்தில், அதே படகுகளில் 'ஃப்ரோஸன்' கதையை வைத்தார்கள். ஆக, இன்றும் அந்தப் பின்னோட்டத்தை அனுபவிக்கலாம். மந்திரம் போடும் அந்தப் பழைய பூதம்தான் வராது.

"ஆரஞ்சு வாசனை வரும் ரைடு எது? அக்கா ஒண்ணு சொல்றா, நான் ஒண்ணு சொல்றேன்."

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் எப்காட்டில் இரண்டு ஆரஞ்சு வாசனைகள் இருந்தன. ஒன்று 'ஹொரைசன்ஸ்', 1983 முதல் 1999 வரை. எதிர்காலத்தில் மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று காட்டும் சவாரி. பாலைவனத்தில் ஆரஞ்சு விளைவிக்கும் காட்சி வரும்போது வாசனை பரவும். கடைசியில் விண்வெளியா, கடலடியா, பாலைவனமா என்று பட்டனை அழுத்தி முடிவை நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு 2003-இல் 'மிஷன் ஸ்பேஸ்' கட்டினார்கள்.

இன்னொன்று 'சோரின்', 2005-இல் வந்தது. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கலிஃபோர்னியா மேலே பறக்கிற மாதிரி. ஆரஞ்சுத் தோட்டத்தின் மேல் போகும்போது அதே வாசனை. 2016-இல் படத்தை மாற்றி உலகச் சுற்றாக்கினார்கள். தாஜ்மகால் மேல் பறக்கும்போது ரோஜா வாசனை வந்தது, ஆரஞ்சு போய்விட்டது. அக்கா தொண்ணூறுகளில் போயிருந்தால் ஹொரைசன்ஸ், நீங்கள் காலைத் தொங்கப் போட்டிருந்தால் சோரின்.

வாசனை பற்றிப் பேசினால் 'பைரேட்ஸ்' படகுச் சவாரியின் ஈர வாசனையைச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீரில் குளோரினுக்குப் பதில் புரோமின் கலப்பதால் என்று பரவலாகச் சொல்வார்கள். 'ஸ்பேஸ்ஷிப் எர்த்'துக்குள், அதாவது எப்காட் உருண்டைக்குள், ரோம் நகரம் எரியும் இடத்தில் வரும் புகை வாசனையும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எந்த இடம் என்று சொல்லிவிடலாம்.

"ராத்திரி லைட் ஊர்வலமும் வாணவேடிக்கையும் பார்த்தோம். எது பார்த்தோம்?"

ஏரி நடுவே ஓர் உலக உருண்டை மிதந்து வந்து, கண்டங்களில் படங்கள் ஓடினால் அது எப்காட்டின் 'இல்லுமினேஷன்ஸ்', 1999 முதல் 2019 செப்டம்பர் 30 வரை. உருண்டை இல்லாமல் லேசர் கதிர்களும் சுற்றியுள்ள நாடுகளின் கட்டடங்களில் விளக்கும் மட்டும் நினைவிருந்தால் அதற்கு முந்தையது. கோட்டைக்கு மேல் 2003 அக்டோபர் முதல் 2017 மே வரை நடந்தது 'விஷஸ்'.

ஊர்வலம் கொஞ்சம் குழப்பும். 'எலெக்ட்ரிகல் பரேடு' 1977 முதல் 1991 வரை, பிறகு 1999 முதல் 2001 வரை, மறுபடி 2010 முதல் 2016 வரை நடந்தது. இடைப்பட்ட காலத்தில் 'ஸ்பெக்ட்ரோமேஜிக்'. ஆகவே முதலில் வருடத்தைக் கண்டுபிடியுங்கள், மேலே ஆல்பக் கேள்வியில் சொன்ன வழியில். வருடம் தெரிந்தால் ஊர்வலம் தெரிந்துவிடும்.

இதில் மாறாதது ஒன்று உண்டு. 1971 அக்டோபரிலிருந்து ஏரியில் மிதந்து போகும் ஒளி ஊர்வலம், 'எலெக்ட்ரிகல் வாட்டர் பேஜன்ட்'. கடல் பிராணிகள் விளக்குகளால் வரையப்பட்டு, இருட்டில் வரிசையாகத் தண்ணீர் மேல் போகும். டிக்கெட் வேண்டாம், பாலினீஷியன் ஹோட்டல் கரையிலிருந்தே பார்க்கலாம். உங்கள் பெற்றோர் பார்த்ததை உங்கள் பிள்ளையும் பார்க்கட்டும் என்று நினைத்தால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

"பாட்டிக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு தியேட்டர், சீட்டோட சுத்தும். அது என்ன?"

'கேரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்'. மேடை நகராது. நாம் உட்கார்ந்திருக்கும் வட்டம்தான் மேடைகளைச் சுற்றி நகரும். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் மின்சாரம் வந்ததிலிருந்து என்னவெல்லாம் மாறியது என்று பேசும் பொம்மைகள் சொல்லும். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது, 1975-இல் ஃப்ளோரிடாவுக்கு வந்தது.

ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் பலருக்கும் இதுதான் பிடித்த இடம் என்று மறுபடி மறுபடி கேட்கிறேன். ஏசி, நல்ல இருக்கை என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் போதாது. ஐஸ் பெட்டி வந்தது, வானொலி வந்தது, துணி துவைக்கும் இயந்திரம் வந்தது என்று அந்தக் குடும்பம் சொல்லும்போது, விறகு அடுப்பிலிருந்து கேஸுக்கு மாறிய பெண்மணிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கதை புரிகிறது. வெளியே வந்ததும் தன் வீட்டுக்கு முதல் மிக்ஸி வந்த கதையைப் பேத்திக்குச் சொல்லத் தொடங்கிய பாட்டியை எனக்குத் தெரியும்.

"அனிமல் கிங்டத்துல நம்ம ஊர் மாதிரியே ஒரு இடம் இருந்துச்சே?"

ஆசியப் பகுதியில் 'ஆனந்தபூர்' என்ற கற்பனை ஊர். இந்தியா, நேபாளம், இந்தோனேசியா எல்லாம் கலந்த சாயல். இடிந்த அரண்மனை, அதன் சுவர் ஓவியங்கள், உள்ளே உலவும் புலிகள், தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். சுவரில் பழைய விளம்பரம், தொங்கும் மின்கம்பி, வெளிறிய சாயம் என்று சின்னச் சின்ன விஷயங்களில் அக்கறை எடுத்திருக்கிறார்கள். மேஜிக் கிங்டத்தின் 'ஸ்மால் வேர்ல்டு' படகில் தாஜ்மகால் முன்னே நிற்கும் பொம்மைகளைவிட இங்கே நம் ஊர் கூடுதலாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

"எவரெஸ்ட் ரைடுல பனிமனிதன் கையை வீசினான்னு பையன் சொல்றான். நான் போனப்போ சும்மா நின்னுச்சு. யார் சொல்றது சரி?"

பையன் 2006-இல், திறந்த புதிதில் போயிருந்தால் அவன் சொல்வதும் சரிதான். ஏப்ரல் 7 அன்று திறந்தபோது அந்த மாபெரும் பனிமனிதன் நிஜமாகவே பாய்ந்து கையை வீசியது. கொஞ்ச காலத்திலேயே கோளாறு வந்து, அதன் அசைவை நிறுத்திவிட்டார்கள். பிறகு விட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சத்தால் அசைகிற மாதிரி காட்டினார்கள். அசைந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. பையனிடம் அதைப் பற்றி நன்றாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாத்தையும் விட பெஞ்சுல உக்காந்து சாப்பிட்ட புளியோதரைதான் ஞாபகம் இருக்கு. இது எனக்கு மட்டுமா?"

நிச்சயமாக இல்லை. கோட்டை, ரயில், வாணவேடிக்கை எல்லாம் சொல்லிவிட்டு கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது சாப்பாட்டில்தான். வெளி உணவை உள்ளே கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. அதனால் விடியற்காலை ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைத்து, எலுமிச்சை சாதம், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம் என்று டப்பாக்களில் அடைத்துக்கொண்டு போகாத தமிழ்க் குடும்பம் அந்தக் காலத்தில் அபூர்வம். சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்கு உள்ளே கிடைத்ததும் ஃப்ரெஞ்ச் ஃப்ரையும் பீட்சாவும்தான்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். அனிமல் கிங்டம் லாட்ஜில் 'சனா' என்ற உணவகத்தில் நான் ரொட்டி, பராத்தா வகைகளோடு தட்டு நிறைய சட்னி வைப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். மேஜிக் கிங்டத்தில் கிடைக்கும் அன்னாசி டோல் விப்பும் மிக்கி வடிவ ஐஸும் நீங்கள் சாப்பிட்டவையேதான். இருந்தாலும் என் ஓட்டு அந்த டப்பாவுக்கே. மறுபடி போனால் ஒரு வேளைக்காவது கட்டிக்கொண்டு போங்கள்.

"மலையிலேருந்து தண்ணில விழற ரைடையும் நீராவிப் படகையும் பசங்களுக்குக் காட்டணும். இருக்கா?"

'ஸ்பிளாஷ் மவுண்டன்' 2023 ஜனவரியில் மூடப்பட்டது. அதே மலை, அதே கால்வாய், அதே 50 அடி இறக்கம், ஆனால் 2024 ஜூன் 28 முதல் டிஸ்னி கார்ட்டூன் இளவரசி டியானாவின் (Tiana) கதையாகத் திறந்திருக்கிறது. வயிற்றில் ஏற்படும் அந்தக் கூச்சம் மாறவில்லை. நீராவிப் படகு போய்விட்டது. அந்த ஆறும் நடுவிலிருந்த தீவும் 2025 ஜூலை 6 அன்று கடைசியாக இயங்கின, புதிய பகுதிக்காக மூடிவிட்டார்கள். மத்தியான வெயிலில் அமைதியாக உட்கார ஓர் இடம் குறைந்ததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

"அப்பா அம்மாவுக்கு வயசாயிடுச்சு. பழைய இடங்களை மட்டும் ஒரே நாள்ல காட்ட முடியுமா?"

முடியும், ஆனால் மேஜிக் கிங்டம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் என்றால் வெயில் படுத்தாது. படகில் ஏரியைக் கடந்து உள்ளே போங்கள். ஸ்மால் வேர்ல்டு, பைரேட்ஸ், ஹான்டட் மேன்ஷன், பாட்டி கேள்வியில் சொன்ன சுற்றும் தியேட்டர், அப்புறம் 1975-லிருந்து ஓடும் 'பீப்பிள்மூவர்'. இது மெதுவாக மேலே சுற்றிவரும் வண்டி, ஆனால் நகரும் மேடையிலிருந்து ஏறி இறங்க வேண்டும். நடக்கச் சிரமம் என்றால் நுழைவிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அம்மா வேண்டாம் என்பார், எடுத்துவிடுங்கள்.

கிளம்புமுன் எது பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று பாருங்கள். பழைய ஆல்பத்தை ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே மாதிரி நிற்க வைத்துப் படம் எடுங்கள். கோட்டை முன்பு காலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் போனால்தான் கூட்டம் இல்லாமல் கிடைக்கும்.

"அலமாரியில பழைய டிக்கெட்டுல ரெண்டு நாள் மிச்சமிருக்கு. தூக்கிப் போடலாமா?"

போடாதீர்கள். ஒரு காலத்தில் காலாவதி ஆகாத பல நாள் டிக்கெட்டுகள் விற்றார்கள். அப்படிப்பட்டதில் மீதமுள்ள நாட்களை இன்றும் மதிக்கிறார்கள். காலாவதித் தேதி போட்ட, ஆனால் ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத டிக்கெட் என்றால், அன்று கொடுத்த விலையைப் புது டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். ஒரு டிக்கெட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது மட்டும் கூடாது, யார் பயன்படுத்தத் தொடங்கினாரோ அவருக்கே மீதி நாளும்.

பூங்கா வாசலிலோ டிஸ்னி ஸ்பிரிங்ஸிலோ உள்ள விருந்தினர் சேவை மையத்தில் அடையாள அட்டையோடு காட்டுங்கள். காந்தப் பட்டை அழிந்திருந்தாலும் பின்பக்கத்து எண்ணை வைத்துத் தேடுவார்கள். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புது அட்டை கொடுத்துவிட்டுப் பழையதை அவர்களே வைத்துக்கொள்ளவும் கூடும்.